முதியவர்களின் மரண பயம் ஈமான் குறைவா?

 

பதிவு கொஞ்சம் நீளமானது. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறவர்கள் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

வயதுபோன ஒருவர் "எனக்கு மவுத்த நினைச்சா பயமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொன்னால் நமது ஊர்களில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும். "ஈமான் போதாது" என்பார்கள். "தொழுகை ஒழுங்கா இருந்தா ஏன் பயம்?" என்பார்கள். தோட்டத்துப் பக்கம் போனால், "அந்தக் காலத்துல செஞ்சதெல்லாம் இப்ப கண்ணுக்கு முன்னால வருது" என்று சிரிப்பார்கள். சொல்கிறவர் 30, 40 வயதுக்காரர். கேட்டுக்கொண்டு படுத்திருப்பவர் 75 வயதுக்காரர். தீர்ப்பைக் கேட்ட பிறகு அவர் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கமாட்டார். பயம் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்தத் தீர்ப்பு பிழை என்பதுதான் எங்கள் வாதம். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை என்று இந்த மலைகளில் வாழும் முதியவர்களின் மரண பயத்தில் பெரும் பகுதி உயிரோடு இருப்பவர்கள் உண்டாக்கியது. அரசாங்கத்துக்கு அதில் பங்கு உண்டு. தோட்ட நிர்வாகங்களுக்கும் உண்டு. பள்ளிவாசல்களுக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு. மனிதர் உண்டாக்கியதை மனிதர் குறைக்கவும் முடியும்.

முதலில் மார்க்கத்தையே எடுப்போம். அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புகிறவரை அல்லாஹ்வும் சந்திக்க விரும்புகிறான் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, மரணத்தை நாங்கள் எல்லோருமே வெறுக்கிறோமே என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. அப்படிக் கேட்டதற்காக ஆயிஷா நாயகியை யாரும் ஈமான் குறைந்தவர் என்று சொல்லவில்லை. நபியவர்கள் ஆறுதலாக விளக்கம் கொடுத்தார்கள். தமது கடைசி நேரத்தில் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் தடவியபடி, மரணத்துக்கு வேதனைகள் உண்டு என்று அவர்களே சொன்னார்கள். உம்முல் முஃமினீன் கேட்ட கேள்வியை மஸ்கெலியாவில் ஒரு மூத்தம்மா கேட்டால் மட்டும் ஏன் ஈமான் பரீட்சை வைக்கிறீர்கள்?

ஆராய்ச்சியாளர்களும் வேறு விதமாகச் சொல்லவில்லை. ஃபோர்ட்னர், நெய்மையர் என்ற இரண்டு உளவியலாளர்கள் முதியவர்களின் மரண பயம் பற்றி அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உடல் நோய்கள் கூடுதலாக உள்ளவர்கள், மனச்சோர்வு போன்ற சிக்கல் உள்ளவர்கள், வாழ்ந்த வாழ்க்கையில் நிறைவு காணாதவர்கள் ஆகியோரிடம்தான் மரண பயம் கூடுதலாக இருந்தது. அதாவது வலி, தனிமை, மனக்குறை. மூன்றும் பக்கத்தில் இருப்பவர்கள் கவனிக்கக்கூடிய விடயங்கள்.

இனி நமது கதைக்கு வருவோம். 2020ஐ மறந்தவர்கள் இருக்கமாட்டீர்கள்.

அந்த வருடம் மார்ச் 24இல் உலக சுகாதார ஸ்தாபனம், கொவிட்டினால் இறந்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டது. மார்ச் முடிவதற்குள் நீர்கொழும்பில் முதலாவது முஸ்லிம் ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11இல் வர்த்தமானி வந்தது. கொவிட் மரணம் என்றால் 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை எரிக்க வேண்டும் என்று சட்டமாக்கினார்கள். நிலக்கீழ் நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். உலகத்தில் எத்தனையோ நாடுகள் கொவிட் உடல்களை மண்ணில் அடக்கிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கு மட்டும் தண்ணீர் கெட்டுப்போகும் என்றார்கள். நீதி கேட்டுப் போன மனுக்களை 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. பொறுப்பேற்க மறுக்கப்பட்ட உடல்களை அரசே எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் ஆலோசனை வழங்கினார். அதே டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு பச்சைக் குழந்தையையும் எரித்தார்கள். பொரளை கனத்தையின் வேலியில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டிய படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தத் துணி கபன்.

அந்த மாதங்களில் மலைநாட்டு முஸ்லிம் வீடுகளில் வயதானவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். "கொவிட் வந்தா செத்துருவேன்" என்ற பயம் இரண்டாவதுதான். "வந்தா எரிச்சிருவாங்க" என்பதுதான் முதற் பயம். இருமல் வந்தாலும் சொல்லவில்லை. காய்ச்சலை மறைத்தார்கள். நெஞ்சுவலி வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார்கள். அங்கு போனால் பரிசோதனை, பரிசோதனையில் பொசிட்டிவ் என்றால் நெருப்பு என்று நினைத்தார்கள். 50 வருடம் ஐவேளை தொழுதவர்களும் பயந்தார்கள். அவர்களிடம் ஈமான் இல்லையா? குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, கிப்லா பக்கம் முகம் வைத்து அடக்குவார்கள் என்று ஒரு மனிதன் வாழ்நாள் முழுவதும் நம்பியிருக்கிறான். அந்த நம்பிக்கையை ஒரு வர்த்தமானி பறித்துவிட்டது. ஈமான் இருந்ததால்தான் அந்தப் பயமே வந்தது.

இந்தப் பயம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தோட்டங்களில் கத்தோலிக்க, கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. இறந்தவரை அடக்கும் வழக்கமுள்ள இந்துக் குடும்பங்களும் இருக்கின்றன. பாட்டன் பூட்டன் புதைந்த மலையில் தானும் புதைய வேண்டும் என்று நினைத்திருந்த பாட்டிமாரும் பயந்தார்கள். அவர்களுக்காகப் பேச அப்போது ஆளே இருக்கவில்லை.

2021 பெப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்து போன கையோடு வர்த்தமானி மாறியது. முதலில் இரணைதீவு என்றார்கள். பிறகு ஓட்டமாவடி என்றார்கள். மார்ச் 5இல் மஜ்மா நகரில் அடக்கத் தொடங்கினார்கள். எல்லாச் சமூகத்தையும் சேர்ந்த 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கு கிடக்கிறார்கள். அடக்கக் கிடைத்ததே என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். ஆனால் இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்த ஒருவர், மனைவி பிள்ளைகள் ஸியாரத்துக்குப் போக முடியாத தூரத்தில், கிழக்கில் அடக்கப்பட்டிருக்கிறார். ஊர் மையவாடியில் உம்மா வாப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும் என்ற ஆறுதல் அவருடைய குடும்பத்துக்கு இல்லாமல் போனது.

"அதுதான் முடிந்த கதையாயிற்றே, மன்னிப்பும் கேட்டுவிட்டார்களே" என்பவர்கள் இருக்கிறார்கள். ஆம், 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. ஆனால் மன்னிப்பை அறிக்கையாக வாசிப்பவர்களுக்குத்தான் கதை முடிந்திருக்கிறது. 80 வயதில் கட்டிலில் கிடப்பவருக்கு அது முடியவில்லை. அடுத்த நோய் வந்தால் திரும்பவும் வர்த்தமானி வராது என்று அவருக்கு யார் உறுதி கொடுத்தது? எப்படிப்பட்ட நோயிலும் விஞ்ஞானக் காரணம் இல்லாமல் ஒருவரின் இறுதிக் கிரியையில் கைவைக்க முடியாது என்று சட்டத்தில் எழுதும் வரை அந்தப் பயம் நியாயமான பயம்.

அரசாங்கத்தைச் சொல்லிவிட்டோம். அடுத்தது வைத்தியசாலைக்குப் போகும் பாதை.

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய வைத்தியசாலையை 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்தார். நல்ல கட்டடம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. அதுவும் நல்ல சேவை. ஆனால் அம்புலன்ஸ் வருவது வீதி வரைக்கும். மேல்மலை லயத்திலிருந்து வீதிக்கு நோயாளியைக் கொண்டுவருவது யார்? கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் சுமக்க வேண்டும். அந்த நாலு பேரும் கொழும்பில் வேலை செய்கிறார்கள். தோட்ட லொறி கிடைத்தால் அதிர்ஷ்டம். தோட்டத்து முதியவர்கள் "சாவு வந்தா பரவால்ல, ராத்திரியில வந்துறக் கூடாது" என்று சொல்வார்கள். கேட்கிறவர்கள் பகிடி என்று எடுக்கிறார்கள். அது பகிடி இல்லை. பாதையில்லாத இடத்தில் வாழும் மனிதனின் கணக்கு.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. இப்போதும் பலத்த மழை பெய்யும் இரவுகளில் இளம் பிள்ளைகள் தூங்குகிறார்கள், கிழவர்கள் விழித்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் "எல்லாம் நசீப்" என்று சொல்வது சுலபம். பாதுகாப்பான இடத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கிக் கொடுப்பதுதான் கஷ்டம். அதனால்தான் இலகுவானதைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பாடசாலையில் படிப்பிக்கும் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு பயம் இருக்கிறது. பெற்றோர் கூட்டம் என்றால் வருகிறவர்களில் பலர் பாட்டிமார், மூத்தம்மாமார். உம்மா மத்திய கிழக்கில், வாப்பா கொழும்பில் கடையில். தோட்டத்துப் பிள்ளை என்றால் அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில். பிள்ளையை வளர்ப்பது 70 வயது மனுஷி. சீனி வியாதி, பிரஷர், முழங்கால் வலி எல்லாவற்றோடும் பிள்ளையின் கொப்பியில் கையெழுத்து வைப்பவர் அவர்தான். அவரிடம் மரணத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சுவர்க்கம் நரகம் பற்றி முதலில் பேசமாட்டார். "நா போனா இந்தப் பிள்ளைய யாரு பாக்குறது?" என்பார். இதற்கு எந்த பயானிலும் பதில் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் மகள்தான் பதில் சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் மகன்தான் பதில் சொல்ல வேண்டும்.

காசுப் பயம் அடுத்தது. தோட்டத்தில் வேலை செய்தவருக்கு மாதாந்த ஓய்வூதியம் கிடையாது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். அந்தக் காசு மகளின் கலியாணத்துக்கும் கூரைத் தகரத்துக்கும் அடகு மீட்கவும் போய்விடும். அதன் பிறகு 20 வருடம் பிள்ளைகள் கையை எதிர்பார்த்துத்தான் வாழ்க்கை. 10க்கு 12 அடி லயக் காம்பராவில், மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் படுக்கும் அதே இடத்தில், மலசலத்துக்கு எழும்ப முடியாமல் கிடக்க வேண்டி வந்தால் என்னாகும் என்பதுதான் அவருடைய பெரிய பயம். டவுனில் கடை வைத்திருந்த நமது வாப்பாமாருக்கும் கடன் பயம் இருக்கிறது. கடனோடு இறந்தவரின் ஜனாஸாவுக்கு நபியவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், ஒரு தோழர் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்ததும் அவர்களுக்குத் தெரியும். அந்தச் செய்தியைச் சொல்கிறவர்கள் "கடன் வாங்காதே" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு தோழர் முன்வந்து பொறுப்பேற்றாரே, அந்தப் பாதியை ஏன் சொல்வதில்லை?

இப்போது பள்ளிவாசலுக்கு வருகிறோம். கோபப்படாமல் கேளுங்கள்.

நமது பள்ளிகளில் சந்தூக் இருக்கிறது. பல இடங்களில் ஜனாஸா வாகனமும் இருக்கிறது. கபன் துணி வாங்கி வைத்திருக்கிறோம். மவுத் அறிவித்தால் அரை மணித்தியாலத்தில் 50 பேர் கூடிவிடுவார்கள். மாஷா அல்லாஹ், இது நமது சமூகத்தின் பெருமை. தோட்டங்களில் மரண உதவிச் சங்கம் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதே மனிதர் அதற்கு முன் ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது எத்தனை பேர் போனார்கள்? உடலைத் தூக்க வாகனம் இருக்கும்போது, உயிரைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போக ஏன் வாகனம் இல்லை? நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் ஜனாஸாவைப் பின்தொடர்வதும் ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளின் வரிசையில் சேர்ந்தே வருகின்றன. இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்ட ஊரில் முதியவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? தான் செத்த பிறகுதான் ஆட்கள் வருவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

பயான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கப்ரின் வேதனை, பாம்பு, தேள் என்று ஒலிபெருக்கியில் சத்தம் போட்டு அழவைக்கும் பயான்கள் கூடிவிட்டன. இப்போது அவை தொலைபேசியிலும் வருகின்றன. படுக்கையில் இருக்கும் வாப்பாவின் தலைமாட்டில் மகன் அதையே போட்டுவிட்டுப் போகிறான். "மரணத்தை நினைவூட்டுவது சுன்னத்" என்பார்கள். உண்மைதான். மரணத்தை மறந்து வட்டியிலும் வம்பிலும் திரிகிறவனுக்கு நினைவூட்டுங்கள். ஒவ்வொரு மூச்சிலும் அதையே நினைத்துக்கொண்டு கிடப்பவருக்கு எதற்கு நினைவூட்டல்? நபியவர்கள் தமது வஃபாத்துக்கு மூன்று நாட்களுக்கு முன் சொன்னதாக ஜாபிர் (ரழி) அறிவிப்பது முஸ்லிமில் இருக்கிறது. அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் வைத்த நிலையிலேயே மரணிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கடைசிக் காலத்தில் இருப்பவருக்கு ரஹ்மத்தைச் சொல்ல வேண்டும். இதை ஓதிப் படித்த மௌலவிமார் எங்களைவிட நன்றாக அறிவார்கள். மிம்பரில் அதைச் சொல்லுங்கள் என்று கேட்கிறோம்.

"பிள்ளைகள் உழைக்க வேண்டாமா, வெளியூரில் இருந்தால் குற்றமா?" என்று கேட்பீர்கள். உழைக்கத்தான் வேண்டும். இந்த ஊரில் வேலை இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் இதை ஒவ்வொரு வீட்டின் தலையிலும் போடாமல் ஊரின் பொறுப்பாக எடுக்க வேண்டும் என்கிறோம். "ஊருக்குக் காசில்லை" என்பது அடுத்த பதில். கேரளாவைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் தொண்டர்களும் வலியில் கிடக்கும் நோயாளிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிறகு நம்மைப் போன்ற முஸ்லிம்கள் அதிகம் வாழும் மலப்புறத்தில் அது ஊர் வேலையாகவே மாறியது. ஆசிரியர், கடைக்காரர், மாணவர், வீட்டுப் பெண்கள் என்று சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்து, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, மதம் பாராமல் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போனார்கள். தாதியும் டாக்டரும் சேர்ந்து போனார்கள். செலவில் பெரும் பகுதி ஊரில் சேர்த்த சின்னச் சின்னக் காசு. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. அவர்கள் பணக்காரர்களாக இருந்ததால் தொடங்கவில்லை. தொடங்கியதால்தான் காசும் வந்தது.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் தனது மஹல்லாவில் படுக்கையில் இருப்பவர்கள், தனியாக இருக்கும் முதியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள். ஓ.எல். எழுதிவிட்டு முடிவு வரும் வரை வீட்டிலிருக்கும் பிள்ளைகளை இதில் சேர்க்க நாங்கள் தயார்.

2. ஜனாஸா நிதியில் ஒரு பங்கை உயிரோடு இருப்பவர்களின் கிளினிக் பயணத்துக்கு ஒதுக்க வேண்டும். தோட்ட மரண உதவிச் சங்கங்களும் இதை யோசிக்கலாம். ஒரு மலைக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வாங்குவது பெரிய செலவில்லை.

3. கடன், கொடுக்கல் வாங்கல், பேரப்பிள்ளைகளின் பொறுப்பு ஆகியவற்றை முதியவர்கள் சுகமாக இருக்கும்போதே எழுதிவைக்க உதவ வேண்டும். சிறிய கடன்களை ஸகாத், ஸதகாவிலிருந்து அடைக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் "நீங்க போனா பிள்ளைய இன்னார் பார்ப்பாங்க" என்று பெயர் சொல்லி உறுதி கொடுக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

4. பக்கத்து லயத்தில் இருக்கும் இந்து, கத்தோலிக்க முதியவர்களும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பங்கு போட்டபோது உடன்பிறப்புகளைப் பிரிந்தவர்கள் அவர்கள். அண்ணன் செத்த செய்தி கடிதத்தில் வந்த தலைமுறை அது. 2020இல் நமது வேதனையை விளங்கிக்கொண்டவர்களும் அவர்களே.

5. நமது வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். மேல்மலை லயத்துக்குப் பாதை எப்போது? அடக்கம் செய்யும் உரிமைக்குச் சட்டம் எப்போது?

வயதானவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பயப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதற்குப் பயம் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வலிக்கா, கடனுக்கா, பேரனுக்கா, தனிமைக்கா என்று தெரிந்தால் பாதிக்கு வழி பிறக்கும். மீதிக்கு துஆ இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாப்பா மவுத்தான பிறகு ஃபிளைட் எடுத்து ஓடி வருகிறீர்கள். ஜனாஸாவைக் காணக் கிடைக்கவில்லை என்று அழுகிறீர்கள். அந்த டிக்கட்டை ஒரு வருடம் முந்திப் போடுங்கள்.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்திடம் முதலாவது கோரிக்கையை மட்டுமாவது கொண்டுபோங்கள். பட்டியல் எடுக்க ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். எழுதித்தர ஆள் இல்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். வருகிறோம்.

வஸ்ஸலாம்.